ரீயூஸ் லீட் ரோல் குடுக்குறாங்க, ஒத்துக்கலாமா வேணாமா?

#1 அரைப்புள்ளி
வணக்கம் மக்களே. 6 வருஷமா பேக்எண்ட் வேலை, பெரும்பாலும் ஜாவா. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு "பத்து டீம் இருக்கு, பத்து டீமும் ஒரே கோடைத் திரும்பத் திரும்ப எழுதிட்டு இருக்கு, நீ ரீயூஸ் லீடா வா, எல்லா டீமும் எடுத்து யூஸ் பண்ற பொதுக் கோடு, அந்தக் காமன் லைப்ரரி எல்லாம் உன் பொறுப்பு"ன்னு சொல்றார். சம்பளம் மாறாது, டைட்டில் மட்டும் மாறும். கேக்க நல்லாத்தான் இருக்கு, எனக்கும் இதுல ஆசை உண்டு, சும்மா ஒரு நாள் தேடிப் பாத்தப்போ ரீட்ரை பண்ற (ஒரு வேலை தோத்தா திரும்ப முயற்சி பண்ற) லாஜிக் மட்டும் 7 இடத்துல தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க, அதுல ரெண்டு எப்பவும் நிக்காம சுத்துற மாதிரி இருக்கு. ஆனா எங்க டீம் சீனியர் ஒருத்தர் "போகாத, அது குழி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். ஏன்னு கேட்டா சிரிக்கிறார். இந்த வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

#2 நகல்_ஒட்டு
உங்க சீனியர் சொன்னது சரி. இதுல ஜெயிச்சா ஒருத்தனும் கவனிக்க மாட்டான், தோத்தா பத்து டீமும் சேர்ந்து உங்கள மொத்தும். நான் காப்பி பேஸ்ட் கட்சி, வெக்கமே இல்லாம சொல்றேன். கோ ப்ரோக்ராமிங் மொழிய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ராப் பைக்கே சொல்லிட்டார், கொஞ்சூண்டு டிபென்டென்சிய (அடுத்தவன் கோட நம்பி இருக்கறத) விட கொஞ்சூண்டு காப்பி மேல்னு.

#3 பைப்லைன்_பாண்டி
+1. லெஃப்ட்பேட் கதை ஞாபகம் இருக்குல்ல? 2016 மார்ச். வெறும் 11 வரி கோடு, ஒரு எழுத்துச் சரத்துக்கு இடது பக்கம் ஸ்பேஸ் போடும், அவ்ளோதான். எழுதினவருக்கும் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் எல்லாம் வச்சிருக்கற பொதுக் களஞ்சியம்) கம்பெனிக்கும் வேற ஒரு பேக்கேஜோட பேர் விஷயமா தகராறு, மனுஷன் கோவத்துல தன்னோட பேக்கேஜ் எல்லாத்தையும் தூக்கிட்டார், அத நம்பி இருந்த ப்ராஜெக்ட் எல்லாம் உலகம் பூரா பில்ட் ஆகாம படுத்துருச்சு. கடைசில என்பிஎம்மே அதத் திரும்பக் கொண்டாந்து வச்சுது. 11 வரி சார்!

#4 பழைய_கம்பைலர்
தம்பி அரைப்புள்ளி, நான் 24 வருஷமா இந்தத் துறைல இருக்கேன், அதுல 9 வருஷம் நீங்க சொல்ற இதே வேலைதான். குழியான்னா, ஆமா குழிதான். ஆனா எங்க இருக்குன்னு தெரிஞ்சா தாண்டிப் போற சைஸ் குழி. இப்ப நேரம் இல்ல, ராத்திரி எழுதறேன்.

#5 அரைப்புள்ளி
அண்ணா கண்டிப்பா எழுதுங்க, காத்திருக்கேன்.

#6 பழைய_கம்பைலர்
அண்ணா இல்ல, அக்கா :)

சரி கதைக்கு வர்றேன். நான் ஆரம்பிச்சதும் உங்கள மாதிரிதான். எங்க ஆபீஸ்ல போன் நம்பர் சரியான்னு பாக்குற கோடு அஞ்சு இடத்துல இருந்துச்சு, அஞ்சும் அஞ்சு விதமா தப்பு, ஒண்ணு பிளஸ் குறிய ஏத்துக்காது, இன்னொண்ணு நடுவுல ஸ்பேஸ் வந்தா செத்துப் போயிரும், ஒரு டீம் சரி பண்ணினது அடுத்த டீமுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஒரு பிரசன்டேஷன் பண்ணினேன், மேல இருக்கறவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, உடனே ரோல் குடுத்தாங்க. அங்கதான் முதல் தப்பு, நான் எந்தக் கேள்வியும் கேக்கல.

முதல் வருஷம் பண்ணது ஒரு பெரிய களஞ்சியம். எல்லா டீமும் மூணு மாசத்துக்கு அஞ்சு காம்பொனென்ட் (மத்தவங்க எடுத்து யூஸ் பண்ற கோடுத் துண்டு) குடுக்கணும்னு மேலிடத்துல இருந்து டார்கெட். குடுத்தாங்க! நூத்துக்கு மேல சேர்ந்துச்சு. ஸ்ட்ரிங் காலியான்னு பாக்கறதுக்கே நாலு வந்துச்சு. டார்கெட்டுக்காக போன ப்ராஜெக்ட் குப்பையக் கூட்டிக் கொண்டாந்து கொட்டிட்டாங்க, டெஸ்ட் கிடையாது, டாக்குமென்ட் கிடையாது, எழுதினவன் வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிட்டான். எடுத்து யூஸ் பண்ணது எத்தன பேர்னு வருஷக் கடைசில எண்ணிப் பாத்தேன், ரெண்டு. அதுல ஒண்ணு நானே.

#7 எக்செல்_வீரன்
நான் மேனேஜர் பக்கம் (திட்டாதீங்க). டார்கெட் இல்லாம எப்படிங்க பட்ஜெட் கேக்கறது? ரீயூஸ் பர்சன்டேஜ்னு ஒரு நம்பர் இருந்தாத்தான் மேல போய் பேச முடியும்.

#8 பழைய_கம்பைலர்
திட்டல வீரன் சார், ஆனா அந்த நம்பர எப்படி எண்ணுவீங்க சொல்லுங்க. பத்தாயிரம் வரி லைப்ரரில ஒரே ஒரு பங்ஷன கூப்பிட்டா பத்தாயிரம் வரி ரீயூஸா? அப்படி எண்ணினா ஒரு டீம் ஒரு மாசத்துல 90 சதவீதம் காட்டிரும், நாங்க காட்டியிருக்கோம். ஒரே ப்ராஜெக்ட்டுக்குள்ளயே ஒரு பங்ஷன பத்து தடவ கூப்பிட்டா அதுவும் ரீயூஸா, இல்ல அது சும்மா ப்ரோக்ராமிங்கா? எதுக்கு நம்பர் வைக்கிறீங்களோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கற விஷயம் கிடைக்காது.

நான் பின்னாடி மாத்திக்கிட்டது: எத்தன காம்பொனென்ட் இருக்குன்னு எண்ணறத நிறுத்திட்டு, எத்தன டீம் பழைய சொந்தக் கோட டிலீட் பண்ணிட்டு இதுக்கு மாறினாங்கன்னு மட்டும் எண்ணினேன். டிலீட் பண்றதுல ஏமாத்த முடியாது.

#9 எக்செல்_வீரன்
டிலீட் கணக்கு... இது நல்லா இருக்கே. எடுத்துக்கறேன்.

#10 போர்டு_பித்தன்
நான் எம்பெடட் ஆளு (மெஷினுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்). ரீயூஸ்னு யாராச்சும் சந்தோஷமா பேசினாலே எனக்கு ஐரோப்பாக்காரங்களோட ஏரியன் 5 ராக்கெட்தான் கண்ணு முன்னாடி வரும். 1996 ஜூன் 4. அதோட முதல் பயணம், கிளம்பி 40 செகண்டுக்குள்ள வெடிச்சுப் போச்சு. ஏன்? அதுக்கு முந்தின ராக்கெட்டான ஏரியன் 4ல நல்லா ஓடின நேவிகேஷன் சாஃப்ட்வேர அப்படியே தூக்கி இதுல வச்சாங்க. அதுல ஒரு 64 பிட் தசம எண்ண 16 பிட் முழு எண்ணா மாத்துற இடம். ஏரியன் 4 போற வேகத்துக்கு அந்த எண் 16 பிட்டுக்குள்ளயே அடங்கும், ஏரியன் 5 கிளம்பும்போதே பக்கவாட்டு வேகம் ரொம்ப அதிகம், பொங்கி வழிஞ்சிருச்சு. பேக்கப் கம்ப்யூட்டர் இருந்துச்சே? இருந்துச்சு, அதுலயும் அதே சாஃப்ட்வேர், அதே காரணத்துக்கு முதல்லயே அது செத்துப் போச்சு.

இதுல வயிறு எரியற விஷயம் என்னன்னா, அந்தக் கணக்கு ஏரியன் 5ல தரைய விட்டுக் கிளம்பினதுக்கப்புறம் தேவையே இல்ல. ஏரியன் 4 கவுண்ட்டவுன் நடுவுல நின்னா சீக்கிரம் திரும்ப ஆரம்பிக்க வசதியா இருக்கும்னு கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தாங்க, அந்தப் பழக்கம் அப்படியே கூட வந்துருச்சு.

#11 நகல்_ஒட்டு
பாத்தீங்களா! நான் சொன்னா கேக்கறீங்களா.

#12 போர்டு_பித்தன்
இருங்க ஒட்டு, அத காப்பி பேஸ்ட் பண்ணியிருந்தாலும் இதே கதைதான். லைப்ரரியா காப்பியாங்கறது இங்க விஷயமே இல்ல. ஆபத்து இருக்கற வேரியபிள் ஏழு, அதுல நாலுக்கு மட்டும் பாதுகாப்பு போட்டாங்க, மூணுக்கு வேணாம்னு விட்டாங்க, ஏன்னா கம்ப்யூட்டருக்கு லோடு 80 சதவீதம் தாண்டக் கூடாது, அந்த மூணும் எல்லைய மீறாதுன்னு ஒரு கணக்கு. ஏரியன் 4க்கு அந்தக் கணக்கு சரி. கோடு வண்டி ஏறி வந்துச்சு, கணக்கு பழைய வீட்டுலயே தங்கிருச்சு. அது கோடுலயே எழுதியும் இல்ல.

#13 அரைப்புள்ளி
இது எனக்கு பயமா இருக்கு பித்தன் அண்ணா. எங்க 7 ரீட்ரைலயும் இப்படி சொல்லாம விட்ட கணக்கு இருக்கும்ல? ஒண்ணு 3 தடவ முயற்சி பண்ணும், ஒண்ணு 10 தடவ. ஏன் 10னு யாருக்கும் தெரியல.

#14 பழைய_கம்பைலர்
அரைப்புள்ளி, இந்தக் கேள்விய கேட்டீங்க பாருங்க, உங்களுக்கு இந்த வேலை வரும்.

சரித்திரம் கொஞ்சம் சொல்றேன், எனக்கு இதுல ஒரு பைத்தியம் உண்டு, பிடிக்காதவங்க தாண்டிப் போங்க. கேம்பிரிட்ஜ்ல எட்சாக்னு ஒரு கம்ப்யூட்டர், சப்ரொட்டீன் (அடிக்கடி தேவைப்படற சின்னக் கோடுத் துண்டு) எல்லாம் காகித டேப்புல ஓட்டை போட்டு லைப்ரரியா வச்சிருந்தாங்க, தேவைப்பட்டத எடுத்து உங்க ப்ரோக்ராம் டேப்போட சேத்துக்கணும். அதுல முக்கியமான ஆள் டேவிட் வீலர். அவர் 1952லயே எழுதி வச்சிட்டார், சப்ரொட்டீன எழுதி டெஸ்ட் பண்ணி முடிச்சதுக்கப்புறமும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவங்க யூஸ் பண்ற மாதிரி அதுக்கு ஒரு விளக்கம் எழுதறது பாக்கி இருக்கும், அதுதான் எல்லாத்த விடக் கஷ்டமா இருக்கலாம்னு. 70 வருஷம் தாண்டியாச்சு, இன்னும் நாம விளக்கம் எழுத வேண்டிய ரீட்மீ ஃபைல காலியா விட்டுட்டு லைப்ரரி ரெடின்னு மெயில் அனுப்பறோம்.

அப்புறம் 1968. ஜெர்மனில கார்மிஷ்ல நேட்டோ நடத்தின மாநாடு, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்ங்கற பேரே அங்க இருந்துதான் பரவுச்சு. பெல் லேப்ஸ் டக் மெக்கில்ராய் அங்க பேசினார், எலக்ட்ரானிக்ஸ்காரங்க மாதிரி நமக்கும் கேட்டலாக்கப் பாத்து பொறுக்கற மாதிரி காம்பொனென்ட் வேணும்னு. சைன் கணக்கு போடற ரொட்டீன உதாரணமா வச்சு, எவ்ளோ துல்லியம் வேணும், எவ்ளோ வேகம் வேணும்னு பாத்து நமக்கு ஏத்தத எடுத்துக்கணும், அதுதான் அவர் ஆசை. அந்தக் கேட்டலாக் அவர் கேட்ட மாதிரி வரல. ஆனா அதே மனுஷன் விடாம நச்சரிச்சு 1973ல கென் தாம்ப்சன் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல பைப்ப போட்டார். சின்னச் சின்ன ப்ரோக்ராம ஒண்ணோட ஒண்ணு கோக்கறது. தினமும் டெர்மினல்ல அந்தச் செங்குத்துக் கோட போடறோமே, ரீயூஸ்ல இதவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரிஞ்சு இல்ல. கேட்டலாக் தோத்து, கோக்கற வழி ஜெயிச்சுது. நான் இதப் படிக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கேட்டலாக் கட்டி வீணாப் போனேன்.

#15 பைப்லைன்_பாண்டி
அக்கா என்பிஎம், ஜாவாவுக்கு இருக்கற மேவன் எல்லாம் அந்தக் கேட்டலாக்தானே?

#16 பழைய_கம்பைலர்
வெளி உலகத்துக்கு ஆமா, ரொம்ப லேட்டா வந்துச்சு. ஆனா அது ஓடறதுக்குக் காரணம் கேட்டலாக் இல்ல பாண்டி, அதுக்குப் பின்னாடி எங்கயோ ஒருத்தர் ராத்திரி உக்காந்து யாரோ போட்ட இஷ்யூவுக்குப் பதில் சொல்றார். கம்பெனிக்குள்ள அந்த ஒருத்தர் யாரு? அதுதான் கேள்வி.

இப்ப ரெண்டாவது வருஷம். களஞ்சியத்த மூடிட்டேன். ஒரே ஒரு டீம், ஒரே ஒரு விஷயம்னு இறங்கினேன். மூணு இடத்துல ஒரே மாதிரி வந்தாத்தான் பொதுவாக்கணும்னு ஒரு வழக்கம் உண்டு, அதப் பிடிச்சுக்கிட்டேன். புதுசா எதையும் யோசிச்சு எழுதல, ஏற்கனவே ப்ரொடக்‌ஷன்ல அடி வாங்கி நின்ன கோடு ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, பொதுவா இருக்கறத மட்டும் உருவி எடுத்து, மூணாவது டீமுக்கு நானே போய் உக்காந்து மாத்திக் குடுத்தேன். நானே அவங்க ரிவ்யூல நின்னேன். திட்டு வாங்கினேன். ஆறு மாசத்துல அவங்களா வந்து அடுத்தது என்னன்னு கேட்டாங்க.

செலவையும் சொல்லிடறேன். ஐபிஎம்ல பெரிய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் நடத்தின ப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே கணக்கு சொன்னார், தனக்குன்னு ஒரு ப்ரோக்ராம் எழுதறத விட, அத எவனும் யூஸ் பண்ற ப்ராடக்டா ஆக்க குறைஞ்சது மூணு மடங்கு ஆகும்னு. என் அனுபவத்துல அது குறைவுதான். உங்க மேனேஜர் அந்த மூணு மடங்குக்கு நேரம் தருவாரான்னு கேளுங்க. பழைய வேலையோட "கூடவே" பாத்துக்கோன்னு சொன்னா ஓடிருங்க.

#17 நகல்_ஒட்டு
அக்கா நல்லது மட்டும் சொல்றீங்க. ஒரு காமன் லைப்ரரி வளந்து வளந்து பூதமானத நான் பாத்திருக்கேன், அதப் பத்தியும் சொல்லுங்க.

#18 பழைய_கம்பைலர்
சொல்றேன், என் பூதத்தையே சொல்றேன். ரிப்போர்ட் ஃபைல் உருவாக்கற ஒரு பங்ஷன். முதல்ல மூணு பாராமீட்டர் (கூப்பிடும்போது குடுக்கற தகவல்). ஒரு டீம் வந்து "எங்களுக்குத் தலைப்பு வேணாம்"னுச்சு, ஒரு ட்ரூ ஃபால்ஸ் சேத்தேன். அடுத்த டீமுக்கு தேதி வேற மாதிரி, இன்னொண்ணு. யாருக்கும் இல்லன்னு சொல்ல மனசு வரல, சொன்னா அவங்க தனியா எழுதிக்குவாங்களே, என் நம்பர் குறையுமே. கடைசில 14 பாராமீட்டர், அதுல ஒம்பது ட்ரூ ஃபால்ஸ். கூப்பிடற இடத்துல பாத்தா ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், ட்ரூன்னு தந்தி அடிச்ச மாதிரி இருக்கும். ஒரு நாள் வரிக் கடைசில ஒரு ஸ்பேஸ் சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது பக்னு நினைச்சு எடுத்துட்டேன். அன்னிக்கு ராத்திரியே ஒரு டீமோட இறக்குமதி மொத்தமும் விழுந்துருச்சு, அவங்க அந்த ஸ்பேஸ நம்பி ஃபைல வெட்டிட்டு இருந்தாங்க! என் பக்கம் பக், அவங்க பக்கம் அது ஃபீச்சர். விடியற வரைக்கும் போன்ல இருந்தேன்.

அப்புறம் நான் பண்ணினது, ஒட்டு, உங்களுக்குப் பிடிக்கும். அந்தப் பங்ஷன உடைச்சு நாலு டீமுக்கும் அவங்க அவங்களுக்குத் தேவையானத காப்பியாவே திருப்பிக் குடுத்துட்டேன். ரீயூஸ் லீட் உக்காந்து காப்பி பேஸ்ட் பண்றா. பாக்கறவங்க சிரிச்சாங்க. தப்பான பொதுவாக்கலோட கஷ்டப்படறத விட நாலு காப்பி நிம்மதி.

#19 நகல்_ஒட்டு
அக்கா உங்களுக்கு எங்க கட்சில உறுப்பினர் அட்டை ரெடி.

#20 அரைப்புள்ளி
அப்ரைசல்ல என்ன ஆச்சுக்கா? எங்க சீனியர் குழின்னு சொன்னது அதத்தான்னு நினைக்கறேன்.

#21 பழைய_கம்பைலர்
அதேதான். மூணு வருஷம் "எதிர்பார்ப்புக்கு ஏற்ப". ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வி, நீ என்ன ஃபீச்சர் ரிலீஸ் பண்ணின? நாலு டீம் சீக்கிரம் ரிலீஸ் பண்ணாங்க, அந்தப் பேரு அந்த நாலு டீமுக்கு. நியாயம்தான், அவங்கதான் பண்ணாங்க. நடக்காம போன பக்குக்கு யாரு மாலை போடுவா? என்னோட சேந்தவங்க ரெண்டு பேர் ஆர்க்கிடெக்ட் ஆயிட்டாங்க. ஒரு நாள் ராஜினாமா மெயில் டைப் பண்ணி டிராஃப்ட்லயே வச்சிருந்தேன், அது இன்னும் இருக்கு.

மாறினது 2021 டிசம்பர். லாக்ஃபோர்ஜே (ஜாவா ப்ரோக்ராம் என்ன பண்ணுதுன்னு லாக், அதாவது பதிவு, எழுதற லைப்ரரி) ஓட்டை வெளிய வந்துச்சே, தீவிரம் பத்துக்குப் பத்து. லாக்ல ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோவை விழுந்தாப் போதும், வெளில இருக்கறவன் நம்ம சர்வர்ல அவன் கோட ஓட்டிரலாம். எல்லா கம்பெனிலயும் முதல் கேள்வி எப்படி சரி பண்றதுன்னு இல்ல, அது நம்மகிட்ட எங்கெல்லாம் இருக்குங்கறதுதான். ஜாவா கோட கட்டி வைக்கற ஃபைல்தான் ஜார், ஜாருக்குள்ள ஜார், அதுக்குள்ள இன்னொரு ஜார்னு ஒளிஞ்சிட்டு இருக்கும். அதுவும் ஒரு தடவ அப்டேட் பண்ணா முடியல, 2.15 விட்டாங்க, அது பத்தலன்னு 2.16, அப்புறம் 2.17, மாசக் கடைசில 2.17.1. எங்ககிட்ட ஆறு டீம் என்னோட லாகிங் லைப்ரரி வழியாத்தான் போனாங்க, நான் ஒரு இடத்துல மாத்தினேன், அவங்க பில்ட் ஓட்டினாங்க, நாலு தடவையும். மத்த டீம் எல்லாம் நாலு தடவையும் தனித்தனியாத் தேடினாங்க, கிறிஸ்துமஸ் லீவு போச்சு. ஜனவரில டைரக்டர் கூப்பிட்டு, இந்த லைப்ரரிய யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டார். மூணு வருஷமா அவருக்கே நான் மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பிட்டுதான் இருந்தேன்.

#22 பைப்லைன்_பாண்டி
கடைசி வரி :(

#23 நகல்_ஒட்டு
சரி, ஒத்துக்கறேன், அந்த டிசம்பர்ல என்னோட காப்பி எல்லாத்தையும் நான் கையாலதான் தேடினேன். ஆனா ஒண்ணு, எல்லாரும் ஒரே லைப்ரரில இருந்ததாலதான் உலகமே ஒரே நாள்ல மாட்டுச்சு, அதையும் சேத்து எழுதுங்க.

#24 பழைய_கம்பைலர்
அது உண்மைதான் ஒட்டு. மறுக்கல. 2014ல ஓப்பன்எஸ்எஸ்எல்ல (இணையத் தொடர்ப ரகசியமா வைக்கற லைப்ரரி) ஹார்ட்பிளீட்ங்கற ஓட்டை வந்தப்பவும் அதே கதை. ஒரு லைப்ரரிய ஊரே நம்பி இருக்கும், ஆனா அதப் பாத்துக்க ஆள் ரொம்பக் கம்மி.

அரைப்புள்ளி, நீங்க ரோல் எடுக்கறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட எழுத்துல வாங்க வேண்டியது: அப்ரைசல்ல எத வச்சு அளப்பாங்க, உங்க லைப்ரரி ராத்திரி உடைஞ்சா போன் யாருக்கு வரும், அந்த ஆளுக்கு அதுக்குன்னு நேரம் இருக்கா, அப்புறம் ஒரு டீமுக்கு "இது உங்களுக்கு வேணாம், நீங்களே எழுதிக்கங்க"ன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கா. கடைசிது எனக்கு இல்ல, அதுதான் 14 பாராமீட்டர்.

#25 அரைப்புள்ளி
(மூணு வாரம் கழிச்சு) அப்டேட். பேசினேன். அப்ரைசல் அளவுகோல் எழுத்துல வந்தாச்சு, டிலீட் கணக்குதான் (வீரன் சார் நன்றி, நீங்க தனியா அனுப்பின எக்செல் டெம்ப்ளேட்ட அப்படியே ரீயூஸ் பண்ணிட்டேன்). இல்லன்னு சொல்ற உரிமையும் உண்டுன்னுட்டார். ராத்திரி போன் மட்டும் "பாத்துக்கலாம்"னு சொல்றார். பத்து டீம் வேணாம், ரெண்டு டீம் ஆறு மாசம்னு ஒத்துக்கிட்டேன். முதல் வேலை ரீட்ரை.

#26 நகல்_ஒட்டு
"பாத்துக்கலாம்"னா போன் உங்களுக்குத்தான் வரும்.

#27 பழைய_கம்பைலர்
ஒட்டு சொல்றது சரி, அத விடாதீங்க, அடுத்த மீட்டிங்ல திரும்பக் கேளுங்க. அந்த 10 தடவ முயற்சி பண்ற ரீட்ரை, அத எழுதினது யாருன்னு கிட்ல (கோட யாரு எப்ப மாத்தினாங்கன்னு வச்சிருக்கற பதிவு) பாத்தீங்களா? கோட தொடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட பேசுங்க.

#28 அரைப்புள்ளி
பாத்தேன்கா. அது எங்க சீனியர்தான், குழின்னு சொன்னவர். அஞ்சு வருஷம் முன்னாடி அவருக்கும் இதே ரோல் குடுத்தாங்களாம், எனக்கு இப்பதான் தெரியும். இந்த வாரத்தோட வேற கம்பெனிக்குப் போறார்.

#29 பழைய_கம்பைலர்
அப்போ இங்க டைப் பண்ணிட்டு இருக்காதீங்க, இன்னிக்கே போய் அவர் பக்கத்துல உக்காருங்க. ஏன் 10னு மட்டும் கேட்டா பத்தாது, வேற என்னென்ன அவர் எழுதாம விட்டிருக்கார்னு கேளுங்க.